நடைபாதை, கடவை, பாலம்: நடப்பவரின் பாதுகாப்பு வரைபடத்தில் எங்கே முடிவாகிறது?

2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நடைபாதைகளைப் பற்றி இரண்டு முக்கிய உத்தரவுகளைப் பிறப்பித்தது. மே 14 அன்று, நடப்பதற்கேற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அக்டோபர் 7 அன்று, நாட்டின் 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யச் சொன்னது. சாலை வடிவமைப்புக்கான விதிகளை மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. இரண்டும் ஒரே வழக்கில் வந்தவை. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு அது.

செய்தியைப் படித்ததும் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. நடைபாதைதான் பல இடங்களில் இருக்கிறதே, நீதிமன்றம் புதிதாக என்ன கேட்கிறது? நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்தும் ஏறாமல் குறுக்கே ஓடுகிறார்களே, அதற்குச் சாலை என்ன செய்யும்? இரண்டுக்கும் விடை பொறியாளரின் மேசையில் இருக்கிறது.

2023ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,72,890 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. அவர்களில் 35,221 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர். நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 96 பேர். ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் கவனக்குறைவால்தான் சாகிறார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

அடிப்படை: வேகம் என்ன செய்கிறது?

ஓட்டுநர் எதிரே ஒரு குழந்தையைப் பார்க்கிறார். பார்த்தது மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை விநாடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால்:

1. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 17 மீட்டரில் முழுதாக நின்றுவிடும்.
2. 50 கி.மீ. வேகத்தில் வருவது நிற்க சுமார் 35 மீட்டர் வேண்டும்.
3. 60 கி.மீ. என்றால் 45 மீட்டர்.

இரண்டாவது வரியில் ஒரு கொடூரம் ஒளிந்திருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஒன்றரை விநாடிக்குள்ளேயே 20 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது, 30 கி.மீ. வேகக் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், இந்தக் கார் பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிருக்காது. அங்கே நிற்கும் குழந்தைமேல் 50 கி.மீ. வேகத்திலேயே மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுவதால், வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. மோதும் வேகம் 50இலிருந்து 65 கி.மீ. ஆனால், நடப்பவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆக, நடப்பவரும் வாகனமும் ஒரே தளத்தில் சந்திக்கும் இடத்தில் வேகம் 30ஐத் தாண்டக்கூடாது. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் இருவரையும் பிரித்தாக வேண்டும். பாதுகாப்பான வடிவமைப்பு என்று உலகெங்கும் சொல்லப்படுவதன் சாரம் இவ்வளவே. 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'பூஜ்ய மரணம்' கொள்கை இதன்மேல்தான் நிற்கிறது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 2019இல் நடந்து சென்றவர்களிலும் சைக்கிளில் சென்றவர்களிலும் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை.

வேகத்தை 'வேகம் 30' என்ற பலகையால் கட்டுப்படுத்த முடியாது. ஓட்டுநரின் கால் பலகையைவிடச் சாலையின் உருவத்துக்கே அதிகம் பணியும். 3.5 மீட்டர் அகலத் தடம், நேர்கோடு, தடையில்லாத பார்வை எல்லாம் சேர்ந்தால் அது நெடுஞ்சாலை. அதே அளவுகளைச் சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள ஊர்த்தெருவுக்கு வரைந்துவிட்டு, அங்கே வேகமாகப் போகிறார்கள் என்று வருந்துவதில் பொருளில்லை. சந்திப்புகளில் 'ஃப்ரீ லெஃப்ட்' விடுவதும் இப்படித்தான். இடப்பக்க முனையை அகலமாக வளைத்துச் செதுக்கினால் வாகனம் வேகம் குறைக்காமலே திரும்பும். சிக்னலில் நடப்பவருக்குப் பச்சை விழுந்தாலும் இடப்பக்கத்து ஓட்டம் நிற்பதே இல்லை. வளைவைச் சுருக்கினால் வேகம் தானாகக் குறையும். நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறையும்.

நடைபாதை என்று எதைச் சொல்லலாம்?

சாலைக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பு, 1934இல் தொடங்கப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ், சுருக்கமாக ஐ.ஆர்.சி. அதன் 103ஆம் எண் வழிகாட்டி நடப்பவர்களுக்கான வசதிகளைப் பற்றியது. அதன்படி நடைபாதை மூன்று பட்டைகளாகப் பிரிகிறது. கட்டடத்தை ஒட்டிய பட்டை, கடைகளின் வாசற்படிகளுக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும். சாலையை ஒட்டிய பட்டை, மரம், மின்கம்பம், குப்பைத்தொட்டி, பெட்டி, பலகைகளுக்கு. நடுவில் எதுவுமே இல்லாமல் விடப்படுவதுதான் நடக்கும் பட்டை. இந்த நடுப்பட்டையின் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து போகத் தேவையான அளவு அது. தலைக்கு மேலேயும் 2.2 மீட்டர் உயரத்துக்குத் தடையிருக்கக்கூடாது. விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

நம் ஊர்களில் நடைபாதையின் மொத்த அகலத்தை அளந்து கணக்கில் காட்டுகிறார்கள். அதன் நடுவே மின்மாற்றி நின்றால், நடப்பவருக்குக் கிடைக்கும் அகலம் பூஜ்யம். அந்த ஓர் இடத்தில் அவர் சாலைக்கு இறங்கியாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் பத்து இடத்தில் இறங்கி ஏற வேண்டுமென்றால், முழங்கால் வலி உள்ளவர் முதலிலிருந்தே சாலையோரமாகத்தான் நடப்பார். உயரமும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு முழ உயர நடைபாதை வண்டிகள் ஏறாமல் தடுப்பதற்காகக் கட்டப்படுகிறது, முதியவர்களையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. வீடுகள், கடைகளுக்கு வண்டி நுழையும் இடங்களில் நடைபாதையை வெட்டித் தாழ்த்துவதும் தவறு. நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் சாய்வில் ஏறி இறங்க வேண்டும். தணிக்கை இந்தத் தொடர்ச்சியை அளக்கவில்லை என்றால் அதனால் பயனில்லை.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், இடம் கொடுத்தால் மக்கள் நடைபாதையில்தான் நடப்பார்கள் என்பதைக் காட்டிய நேரடிச் சான்று.

கடப்பது: நடைமேம்பாலம் யாருக்காக?

இங்குதான் பொதுவிவாதம் அடிக்கடி தடம் மாறுகிறது. சாலையைக் கடக்கும்போது ஒருவர் அடிபட்டதும் எழும் முதல் கோரிக்கை நடைமேம்பாலம். அதன் கணக்கைப் பார்ப்போம்.

லாரி, பேருந்து போக சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் நடப்பவர் ஏற வேண்டிய உயரம் 6 மீட்டர். 15 சென்டிமீட்டர் படி என்றால் 40 படி ஏற்றம், 40 படி இறக்கம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பதானால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பது ஏற்கப்பட்ட அளவு. 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இடையிடையே இளைப்பாறும் தளங்கள் தனி. நகரச் சாலையோரத்தில் அவ்வளவு இடம் எங்கும் இல்லை. அதனால் படி மட்டும் கட்டிவிட்டு, பின்னால் மின்தூக்கி வைப்பார்கள். அது பழுதானால் மறுபடி படிதான்.

கீழே, நான்கு தடச் சாலையைக் கடக்க 14 மீட்டர் நடந்தால் போதும். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற சாதாரண நடை வேகத்தில் 12 விநாடி. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும் பெண் 80 படிகளை விட்டுவிட்டு இந்த 12 விநாடியைத் தேர்ந்தெடுக்கிறார். அவருடைய கணக்கு சரியானது. அவரைக் குற்றவாளியாக்கி மீடியனில் கம்பிவேலி போடுவதால் ஆபத்து அடுத்த இடைவெளிக்கு நகர்கிறது, அவ்வளவுதான். நடைமேம்பாலம் வாகனங்கள் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. அதன் விலையை நடப்பவரின் முழங்கால் கொடுக்கிறது.

எல்லா நடைமேம்பாலமும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதை வேறு வகை. மாம்பலத்தில் ரயிலை விட்டு இறங்குபவர் தண்டவாளத்தைக் கடக்க எப்படியும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியவர் அதே உயரத்தில் நேராகப் பேருந்து நிலையம் வரை போகிறார். ஏற்றம் வீணாவதில்லை. ஆறு எட்டுத் தடங்கள் கொண்ட விரைவுச்சாலைக்கும் மேலேயோ கீழேயோதான் வழி வேண்டும். மற்ற இடங்களில் தரைமட்டத்தில் கடப்பதற்கே முன்னுரிமை என்று ஐ.ஆர்.சி. வழிகாட்டியும் சொல்கிறது. அதற்குத் தேவையானவை:

1. நடைபாதையின் உயரத்துக்கே சாலையை மேடாக்கிய கடவை, அதாவது நடப்பவர் சாலையைக் கடக்கும் இடம். நடப்பவர் இறங்க வேண்டியதில்லை. வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால் அதுவே வேகத்தடையும் ஆகிறது.
2. நடுவில் நின்று மூச்சுவிட இடம். சாதாரண சைக்கிள் 1.8 மீட்டர் நீளம் என்பதால், அதைத் தள்ளிக்கொண்டு நிற்பவருக்கு மீடியன் 2 மீட்டராவது அகலம் வேண்டும்.
3. மெதுவாக நடப்பவரை மனத்தில் வைத்த சிக்னல். ஆறு தடங்களுக்கான 21 மீட்டரை 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 17 விநாடிக்கு மேல் ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 26 விநாடி. பச்சை 15 விநாடிதான் எரியும் என்றால் இருவருமே நடுச்சாலையில் மாட்டுவார்கள்.

பாலம் ஏன் தனிக் கதை?

சாலையில் நடைபாதை இல்லாவிட்டால் நடப்பவர் ஓரத்து மண்ணில் ஒதுங்குவார். பாலத்தில் ஒதுங்க மண் இல்லை. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஆறு. மாற்றுவழி என்றால் அடுத்த பாலம்தான், அது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். திருச்சியில் சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையிலுள்ள காவிரிப் பாலத்தை 2022-23இல் பழுதுபார்க்க மூடியபோது, ஒரு பாலம் எத்தனை பேரின் அன்றாட வழி என்பது ஊருக்கே புரிந்தது.

இன்னொரு வேறுபாடு காலம். சாலை விளிம்பை ஐந்து ஆண்டில் மாற்றலாம். கான்கிரீட் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. 112 விதித்தொகுப்பு 100 ஆண்டு ஆயுளை எடுத்துக்கொண்டு வடிவமைக்கச் சொல்கிறது. அகலத்தில் இன்று விட்ட குறையை மூன்று தலைமுறை சுமக்கும்.

வழக்கமான இருவழிப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த அகலம் 12 மீட்டர். வாகனத்துக்கு 7.5 மீட்டர், இரு பக்கமும் நடைபாதை 1.5 மீட்டர் வீதம், மீதி தடுப்புச்சுவருக்கும் கைப்பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கத்தி விழுவது நடைபாதையின்மேல். நடைபாதை தப்பினாலும் அடுத்த கேள்வி, தடுப்புச்சுவர் எங்கே நிற்கிறது என்பது. வாகனத்துக்கும் நடப்பவருக்கும் நடுவில் நின்றால், கட்டுப்பாடு இழந்த லாரியைச் சுவர் தாங்கும். பாலத்தின் வெளிவிளிம்பில் மட்டும் நின்றால், லாரி ஆற்றில் விழாது, ஆனால் நடைபாதையில் இருப்பவரை அந்தச் சுவரோடு சேர்த்து நசுக்கும். ஒரே சுவர், ஒரே செலவு. அது நிற்கும் இடம் யாரைக் காப்பது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நடைபாதையின் அடியில் தொலைபேசிக் கேபிளும் குடிநீர்க் குழாயும் போகும், மேலே கழற்றி மாட்டும் கான்கிரீட் பலகைகள். தெருவில் பலகை உடைந்தால் கால் சுளுக்கும், பாலத்தில் உடைந்தால் ஆபத்து பல மடங்கு. மேல்பூச்சைச் சுரண்டாமல் தார்மேல் தார் போடுவது பாலத்தில் இருவகைக் கேடு. பாலத்தின் சுமை கூடுகிறது, விளிம்புக்கல்லும் தடுப்புச்சுவரும் குட்டையாகின்றன. சில முறை அப்படிச் செய்தால் நடைபாதை சாலையின் மட்டத்துக்கு வந்து, இரண்டு சக்கர வண்டிகளுக்கு இன்னொரு தடமாகிவிடும்.

கூட்டச் சுமை பற்றி ஐ.ஆர்.சி. 6 சொல்வது நமக்கு நெருக்கமானது. பாலத்தின் நடைபாதையைச் சதுர மீட்டருக்கு 400 கிலோ தாங்கும்படி கட்ட வேண்டும். புனிதத் தலங்கள், திருவிழா கூடும் ஊர்களுக்கு அருகிலுள்ள பாலங்களில் அது 500 கிலோ. பாதயாத்திரைக் கூட்டத்தை ஒரு பொறியியல் விதி மனத்தில் வைத்திருக்கிறது. தைப்பூசத்துக்கு நடக்கும் பக்தர்களுக்காகத் திண்டுக்கல்–பழனி சாலையோரம் பேவர் பிளாக் நடைபாதையே போடப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பாதை எதுவானாலும், வழியிலுள்ள ஒவ்வொரு பாலத்திலும் சிறுபாலத்திலும் அதே அகலத்தில் தொடர்ந்தால்தான் அது பாதை. அறுபடும் இடத்தில், இருட்டில், வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலைக்குள் வருவார்கள்.

நகர மேம்பாலங்களில் பிரச்சினை மேலே இல்லை, கீழே. மேம்பாலத்தில் பெரும்பாலும் நடப்பவருக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம், அங்கே அவருக்கு வேலையும் இல்லை. ஆனால் 7 மீட்டர் உயரத்துக்கு, 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற மென்மையான சாய்வில் ஏற 200 மீட்டருக்கு மேல் நீளம் தேவை. அதில் தூண்கள் தொடங்கும் வரையுள்ள பகுதி முழுச் சுவர். அந்தச் சுவர் தெருவை இரண்டாக வெட்டுகிறது. எதிர்ச்சாரிக் கடைக்குப் போக சுற்றி வர வேண்டும். சுவருக்கு இருபுறமும் அணுகு சாலைக்கு இடம் போதாமல் நடைபாதை கரைகிறது. பாலம் இறங்கும் முனையில், சிக்னலே இல்லாமல் 60 கி.மீ. வேகத்தில் வந்த வாகனங்கள் பேருந்து நிறுத்தத்தையும் பள்ளிப் பிள்ளைகளையும் சந்திக்கின்றன. மேம்பாலத் திட்ட அறிக்கையில் மிச்சமாகும் நிமிடங்கள் எழுதப்படுகின்றன. கீழே நடப்பவருக்குக் கூடும் தூரமும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

சைக்கிள்: கொடுத்தாயிற்று, ஓட்ட எங்கே?

தமிழ்நாடு அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விலையில்லா மிதிவண்டி தருகிறது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்த நல்ல திட்டம். அந்தப் பிள்ளை சாலையின் இடது ஓரத்தில் ஓட்டும்போது சந்திப்பது என்ன? மணல், தேங்கிய நீர், உடைந்த தார் விளிம்பு. பாலத்தில் கூடுதலாக இரண்டு. முதலாவது, வெப்பத்தில் பாலம் விரிந்து சுருங்க விடப்படும் இணைப்பு. அதன் இரும்புப் பட்டை பெயர்ந்தால் சைக்கிளின் மெல்லிய சக்கரம் தடுமாறும். இரண்டாவது, மழைநீர் வடியும் கம்பிச் சட்டம். கம்பிகள் ஓட்டும் திசையிலேயே ஓடினால் சக்கரம் உள்ளே இறங்கிக்கொள்ளும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். கம்பிகளைக் குறுக்கே திருப்பி வைக்க ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 2012இல் திறக்கப்பட்ட ஹோவன்ரிங், ஒரு பெரிய சந்திப்புக்கு மேல் கம்பிகளில் தொங்கும் வட்டமான சைக்கிள் பாலம். அதன் அழகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத விஷயம், அதைக் கட்டும்போது கீழேயுள்ள கார் சாலையைத் தாழ்த்தினார்கள். சைக்கிளில் வருபவர் ஏற வேண்டிய உயரம் குறைய வேண்டும் என்பதற்காக. எஞ்சினுக்கு ஏற்றம் சிரமமில்லை, காலுக்குச் சிரமம் என்ற எளிய நியாயம் அங்கே செலவுக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது.

சட்டம் எதுவரை?

ஐ.ஆர்.சி. தொகுப்புகள் தரநிலைகள், தம்மளவில் சட்டம் ஆகா. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நாட்டிலேயே முன்னோடி. 2018க்குள் நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர் மரணமே இருக்கக்கூடாது என்பதும் அதன் இலக்கு. இலக்கு ஆண்டு கடந்து போயிற்று. கொள்கையை மீறினால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பதுதான் அதன் பலவீனம்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் மூன்று கதவுகளைத் திறந்தது. 198ஏ பிரிவு, மத்திய அரசு வகுத்த தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 138(1ஏ) பிரிவு, நடப்பவர்களையும் மோட்டார் இல்லா வண்டிகளையும் பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரத்தை விதியாக்கும் அதிகாரத்தைத் தருகிறது. கடைசி இரண்டின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்க வேண்டும் என்பதுதான் அக்டோபர் உத்தரவு. 1.8 மீட்டர் என்பது வழிகாட்டியில் இருக்கும்வரை அது அறிவுரை. விதியில் ஏறினால், அதை விட்டுவிட்டு வரைபடம் தயாரித்தவரைக் கேள்வி கேட்கலாம்.

உங்கள் ஊரில் புதிய பாலமோ சாலையோ வருகிறதென்றால்

வேலை தொடங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். குறுக்குவெட்டு வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். அதில் பார்க்க வேண்டியவை:

1. நடைபாதையின் மொத்த அகலத்தை விடுங்கள். கம்பம், மரம் கழித்து நடக்க எவ்வளவு?
2. பாலத்தில் தடுப்புச்சுவர் நடைபாதைக்கு எந்தப் பக்கம்?
3. பாலத்தின் இரு முனையிலும் நடைபாதை ஊர்ச்சாலையின் நடைபாதையோடு இணைகிறதா, அல்லது வெறும் மண்ணில் முடிகிறதா?
4. மேம்பாலச் சுவர் உள்ள நீளத்தில் குறுக்கே போக வழி உண்டா? இறங்கும் முனையிலிருந்து பேருந்து நிறுத்தமும் பள்ளியும் எவ்வளவு தூரம்?
5. கடவை எல்லாம் தரைமட்டமா, படியா? படி என்றால், சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாக எதிர்ப்பக்கம் போவார் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோடு போட முடியவில்லை என்றால் அந்த வரைபடம் இன்னும் முடியவில்லை, ஒப்பந்தப்புள்ளிக்குப் போகக்கூடாது.